தாமஸ் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் ஓவியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம் பழகுகிறவர்களிடம் தாமஸ் ஜோன்ஸின் படங்களைக் காட்டும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் வந்தவை தேவைப்படும்.

யார் இந்தத் தாமஸ் ஜோன்ஸ்? பாடகர் டாம் ஜோன்ஸா?

இல்லை. பாடகர் டாம் ஜோன்ஸும் வேல்ஸ்காரர்தான், ஆனால் அவர் பிறந்தது 1940இல். நாம் பேசுகிற ஓவியர் அவருக்கு இரண்டு நூற்றாண்டு முந்தியவர். 1742 செப்டம்பர் 26 அன்று வேல்ஸின் நடுப்பகுதியில் உள்ள ராட்னர்ஷயரில் பிறந்தார், 1803 ஏப்ரல் 29 அன்று இறந்தார். தாமஸ் ஜோன்ஸ் என்பது வேல்ஸில் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர். அதனால் குழப்பம் வராமலிருக்க, குடும்பப் பண்ணையின் பெயரைச் சேர்த்து 'பென்கெரிக் தாமஸ் ஜோன்ஸ்' என்று கலை வரலாற்றில் எழுதுவார்கள்.

வாழ்ந்த காலத்தில் நடுத்தரப் புகழ் பெற்ற நிலக்காட்சி ஓவியர். இறந்தபின் ஏறக்குறைய 150 ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று அவருடைய ஓர் உள்ளங்கையளவுப் படம் லண்டன் நேஷனல் கேலரியின் பெருமைகளில் ஒன்று. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதுதான் கீழே வரும் பாதிக் கேள்விகளின் அடிப்படை.

பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை ஓவியத்துக்கு எப்படி வந்தார்?

நிலபுலன் உள்ள குடும்பம், ஆனால் பிள்ளைகள் பதினாறு பேர். ஜோன்ஸ் இரண்டாவது மகன். சொத்து மூத்தவருக்குப் போய்விடும் என்பதால் இரண்டாவது பிள்ளை ஒரு தொழிலைத் தேடிக்கொள்ள வேண்டும். பாதிரியாராக வேண்டும் என்று தாத்தா முறையில் உள்ள உறவினர் ஒருவர் விரும்பி, ஆக்ஸ்போர்டில் ஜீசஸ் கல்லூரியில் படிக்கச் செலவும் செய்தார். 1761இல் அவர் இறந்ததும் பணம் நின்றது, படிப்பும் நின்றது.

ஜோன்ஸுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அதே ஆண்டின் கடைசியில் லண்டனுக்கு வந்து வில்லியம் ஷிப்லியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1763இல் சக வேல்ஸ்காரரான ரிச்சர்ட் வில்சனிடம் மாணவரானார்.

ரிச்சர்ட் வில்சன் அவ்வளவு பெரிய ஆளா? என்ன கற்றுக்கொடுத்தார்?

பிரிட்டனில் நிலக்காட்சி ஓவியத்துக்கு மரியாதை தேடிக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். 1714இல் வேல்ஸில் பெனெகோஸ் என்னும் ஊரில் பாதிரியார் மகனாகப் பிறந்தார். முதலில் உருவப்படம் வரைந்து பிழைத்தார். 1750இல் இத்தாலிக்குப் போன இடத்தில் நிலக்காட்சிக்கு மாறி, சுமார் ஏழு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஸ்னோடன் மலையையும் காடர் இட்ரிஸ் மலையையும் இத்தாலிய ஒளியின் அமைதியோடு வரைந்து, வேல்ஸின் மலைகளும் பெரிய ஓவியத்துக்கு உரியவை என்று காட்டினார். 1768இல் லண்டனில் கலைஞர்களின் அமைப்பான ராயல் அகாடமியைத் தொடங்கிய உறுப்பினர்களில் ஒருவர். கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. அகாடமி நூலகர் வேலைதான் கைகொடுத்தது. 1782இல் வேல்ஸில் உறவினர் வீட்டில் இறந்தார்.

அவர் கற்றுக்கொடுத்த முறையை ஜோன்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். மாணவன் எடுத்த எடுப்பில் வண்ணத்தைத் தொடக் கூடாது. நடுத்தர நிறமுள்ள காகிதத்தில் கறுப்பு, வெள்ளைச் சாக்பீஸ்களால் மட்டும் குருவின் படங்களைப் பார்த்து வரைய வேண்டும். வண்ணங்களின் படபடப்பில் கண் மயங்கிப்போகாமல் ஒளியும் நிழலும் முதலில் பிடிபட வேண்டும் என்பது வில்சனின் எண்ணம். இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அவர் வரைந்த படங்களைப் பார்க்கும்போது உதவும். மாணவர்கள் ஆட்டமும் சத்தமுமாக இருந்த ஒரு நாள் வில்சன் உள்ளே வந்து, கிளாட் லொரேனுக்குப் போட்டியாக வளர்வதற்கு இது வழியல்ல என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதையும் ஜோன்ஸ் பதிவு செய்திருக்கிறார். கிளாட் பதினேழாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர். அன்றைய நிலக்காட்சிக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான் அளவுகோல்.

அந்தக் காலத்தில் நிலக்காட்சி ஓவியத்தை மட்டமாக நினைத்தார்கள் என்கிறார்களே?

உண்மைதான். புராணம், வேதாகமம், வரலாறு இவற்றிலிருந்து கதை சொல்லும் ஓவியம் உச்சியில். உருவப்படம் அதற்குக் கீழே, ஆனால் சோறு போட்டது அதுதான். நிலக்காட்சி இன்னும் கீழே. மேலே ஏற ஆசைப்பட்ட நிலக்காட்சி ஓவியர், மலைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கதையை நுழைப்பார்.

ஜோன்ஸும் அதைத்தான் செய்தார். 1769இல் காட்சிக்கு வைத்த, பழைய ரோமானியக் காவியக் காதலர்களைப் பற்றிய 'டைடோவும் ஈனியாஸும்' படத்தில் இடிமின்னல் நிலம் இவருடையது. மனித உருவங்களை நண்பர் ஜான் ஹாமில்டன் மார்டிமர் வரைந்து கொடுத்தார். அப்படிப் பங்கு போட்டு வரைவது அன்று சாதாரணம். அந்தப் படம் இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலைஞர்கள் சங்கத்தின் கண்காட்சிகளில் 1765 முதல் தொடர்ந்து பங்கெடுத்து, அதன் இயக்குநர்களில் ஒருவராகவும் ஆனார்.

'பாணன்' என்ற ஓவியம் எதைப் பற்றியது? அந்தப் படுகொலை நிஜமாக நடந்ததா?

1774இல் வரைந்த பெரிய கேன்வாஸ் அது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்தபோது பாணர்கள் எல்லோரையும் கொன்றுவிட்டார் என்றொரு கதை. தப்பிய கடைசிப் பாணன் மலை உச்சியில் நின்று மன்னரின் வம்சத்தைச் சபித்துவிட்டுக் கீழே ஆற்றில் குதிக்கிறான். 1757இல் தாமஸ் கிரே எழுதிய கவிதையால் இந்தக் கதை எங்கும் பரவியது. ஜோன்ஸின் படத்தில் வெண்தாடிக் கிழவர் யாழோடு பாறை விளிம்பில் நிற்கிறார். பட்டுப்போன மரம், இறந்துகிடக்கும் பாணர்கள், பின்னணியில் ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற கல்வட்டம்.

எட்வர்ட் 1282, 1283 ஆண்டுகளில் வேல்ஸை வென்றது வரலாறு. பாணர்களை ஒட்டுமொத்தமாகக் கொன்றதற்குச் சான்று கிடையாது. ஆனாலும் ஒரு வேல்ஸ்காரர், வேல்ஸ் மலையில், வேல்ஸின் இழப்பை இத்தனை பெரிதாக வரைந்தது அன்று புதிது. ஜோன்ஸின் 'பெரிய' படங்களில் உண்மையான உணர்ச்சியுள்ளது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். கார்டிஃபில் உள்ள வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு இத்தாலிக்கு ஏன் போனார்?

நிலக்காட்சி ஓவியர் என்று பெயர் எடுக்க வேண்டுமானால் இத்தாலி பார்த்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வாடிக்கையாளர்களும் அங்கேதான் கிடைப்பார்கள். இங்கிலாந்தின் பணக்கார இளைஞர்கள் ஐரோப்பியச் சுற்றுலாவில் ரோமுக்கு வந்து, ஊருக்குக் கொண்டுபோகப் படங்கள் வாங்குவார்கள். ஜோன்ஸ் 1776 அக்டோபரில் புறப்பட்டு ரோம் சேர்ந்தார். 1778இல் முதன்முறை நேப்பிள்ஸ் போய்ச் சில மாதங்கள் தங்கினார். 1780இல் அங்கேயே குடிபோனார்.

இத்தாலியைப் பார்த்த முதல் நாள்களைப் பற்றி அவர் எழுதியது அழகானது. வில்சனின் இத்தாலியப் படங்களை அத்தனை தடவை பிரதி எடுத்திருந்ததால் அந்த நிலம் ஏற்கெனவே பழகியதாக இருந்ததாம். கூட வந்தவர்களுக்குக் கிடைக்காத இன்பம் தமக்குக் கிடைத்ததாம். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வேறொருவர் கண் வழியாகவே ஊரைப் பார்க்கும் ஆபத்து. ரோமில் அவர் வரைந்த பல படங்களில் வில்சனின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். நேப்பிள்ஸ் வந்தபின்தான் அது கழன்றது.

அந்த 'நேப்பிள்ஸ் சுவர்' படத்தில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் சுவர்தானே?

வெறும் சுவர்தான். உயரம் 11.4 செ.மீ., அகலம் 16 செ.மீ. காகிதத்தில் எண்ணெய் வண்ணம், பின்னர் கேன்வாஸில் ஒட்டப்பட்டது. சுமார் 1782இல் வரைந்தது. படத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு சுவர் நேருக்கு நேராக அடைத்துக்கொண்டிருக்கிறது. காரை உதிர்ந்து, வெயில் தின்று, நிறம் போன சுவர். சாரம் கட்டிய மூங்கிலை எடுத்தபின் அடைக்காமல் விட்ட துளைகளை நம் ஊர்ச் சுவர்களில் பார்ப்போமே, அதுபோல மரம் செருகிய சதுரத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. நடுவே ஒரு சின்னப் பால்கனி, மூடிய கதவு, கம்பியில் உலரும் துணிகள். பால்கனிக்குக் கீழே, மேலிருந்து தண்ணீர் கொட்டிக் கொட்டி இறங்கிய கறை. மேலே ஒரு கீற்று நீல வானம்.

ஆள் இல்லை, கதை இல்லை, வெசூவியஸ் எரிமலை இல்லை, நேப்பிள்ஸ் வளைகுடா இல்லை. அந்த ஊருக்கு வந்த எந்த ஓவியரும் வரைவதை எல்லாம் விட்டுவிட்டு, ஜன்னலுக்கு எதிரே இருந்ததை வரைந்திருக்கிறார். ஆனால் கையில் வந்ததை வரைந்த படமல்ல அது. துளைகள் படத்தின் பரப்பில் எங்கெங்கே விழுகின்றன, துணிகளின் நிறம் எப்படி அந்தச் சாம்பல் பரப்பில் தனித்து நிற்கிறது, கறை எப்படிக் கண்ணைக் கீழே இழுக்கிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். ஒவ்வொன்றும் எடை பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வில்சன் கற்றுக்கொடுத்த ஒளி, நிழல் பாடம் இங்கே தெரிகிறது. சுவரின் வெளிச்சத்தில் இருக்கும் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளை நீக்கிவிட்டால் படமே இல்லை.

இது தனிப் படமும் அல்ல. 1782இல் மட்டும் இப்படிப் பல வரைந்தார். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள 'நேப்பிள்ஸ் கூரைகள்' அந்த ஆண்டு ஏப்ரலில் வரைந்தது. கார்டிஃபில் உள்ள 'நேப்பிள்ஸ் கட்டடங்கள்' இன்னொன்று. என்னைக் கேட்டால் கூரைகள் படத்தைத்தான் முதலில் காட்டுவேன். மொட்டை மாடிகளின் விளிம்புகள், பக்கத்து வீட்டு முதுகுச் சுவர்கள், அதற்குமேல் ஆழமான வானம். மொட்டை மாடியில் நின்று வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தை விளக்கவே தேவையில்லை.

சுவரை வரைந்தவரை நிலக்காட்சி ஓவியர் என்பது சரியா?

சரிதான். அவர் தம்மை அப்படித்தான் அழைத்துக்கொண்டார், பிழைப்பும் அதில்தான். எதிரே இருக்கும் மலையைப் பார்த்த அதே பொறுமையோடு எதிரே இருக்கும் சுவரைப் பார்த்தார், அவ்வளவே வேறுபாடு.

எண்ணெய் வண்ணத்தை வெளியே கொண்டுபோக டியூப் வேண்டாமா? அப்போது ஏது டியூப்?

நல்ல கேள்வி. உலோக டியூப் 1841இல்தான் வந்தது. அதற்குமுன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்து, ஊசியால் குத்திப் பிழிந்துகொள்வார்கள். தொந்தரவான வேலை, ஆனால் முடியாததல்ல. இத்தாலியில் இருந்த ஓவியர்களில் சிலர் அதற்குமுன்பே வெளியில் அமர்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பார்த்திருக்கிறார்கள்.

ஜோன்ஸ் இதை இத்தாலிக்குப் போகுமுன்னரே தொடங்கிவிட்டார். 1772இல் சொந்த ஊரான பென்கெரிக்கைச் சுற்றியுள்ள குன்றுகளையும் மேகங்களையும் காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தார். முதலில் அடிப்பூச்சு கொடுத்த காகிதம். சுமப்பதற்கு எளிது, சிறியது, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அந்த வேல்ஸ் படங்களில் பாதிக்குமேல் வானம்தான். நேப்பிள்ஸுக்கான கைப்பழக்கம் முழுவதும் அங்கே வந்துவிட்டது. நேப்பிள்ஸ் படங்களைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் குன்றுகளை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

மரியா அவருடைய மனைவியா, வீட்டு வேலைக்காரரா?

இரண்டும், வேறு வேறு காலத்தில். மரியா மோங்கே டென்மார்க்கைச் சேர்ந்த கைம்பெண். 1779இல் ரோமில் ஜோன்ஸின் வீட்டைக் கவனித்துக்கொள்ள வந்தார். அடுத்த ஆண்டு இருவரும் நேப்பிள்ஸுக்குக் குடிபோனார்கள். அங்கே அன்னா மரியா, எலிசபெத்தா என்று இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். முறையாகத் திருமணம் செய்துகொண்டது பிரிட்டன் திரும்பியபின், 1789இல்தான். நேப்பிள்ஸ் சுவர்களையும் கூரைகளையும் வரைந்தபோது வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தூரப் பயணம் போகாமல் ஜன்னலிலிருந்தும் மாடியிலிருந்தும் வரைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நேப்பிள்ஸில் நன்றாகச் சம்பாதித்தாரா?

இல்லை. பிரிட்டிஷ் தூதர் வில்லியம் ஹாமில்டன் அங்கே இருந்தார். பெரிய கலைச் சேகரிப்பாளர். அவருடைய தயவில் வேலைகள் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. எதிர்பார்த்த அளவு வரவில்லை. நேப்பிள்ஸ் காட்சிகளை விற்கப் பலர் போட்டியிட்டார்கள். 1782இல் தந்தை இறந்தார். 1783 ஆகஸ்டில் ஜோன்ஸ் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

ஊர் திரும்பியபின் ஓவியத்தை விட்டுவிட்டாரா?

தொழிலாக விட்டார், கையை விடவில்லை. முதலில் லண்டனில் இருந்தார். ராயல் அகாடமிக் கண்காட்சிகளுக்குச் சில படங்களை அனுப்பினார். 1787இல் அண்ணன் இறந்ததும் பென்கெரிக் பண்ணை இவரிடம் வந்தது. ஓவியராக ஆக வேண்டியிருந்ததற்குக் காரணமே சொத்து இல்லாததுதான் என்று மேலே பார்த்தோம். இப்போது சொத்து வந்துவிட்டது. பண்ணையைக் கவனித்தார், 1791இல் ராட்னர்ஷயரின் ஷெரீஃபாகவும் இருந்தார். ஓய்வு கிடைத்தபோது நோட்டுப் புத்தகங்களில் வரைந்தார்.

அப்படியானால் நமக்கு எப்படித் தெரிய வந்தது?

இரண்டு கதவுகள் அடுத்தடுத்துத் திறந்தன. ஜோன்ஸ் தம் பழைய நாட்குறிப்புகளைக் கொண்டு வாழ்க்கை நினைவுகளை நண்பர்களுக்காக எழுதிவைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1951இல் அச்சானது. லண்டனிலும் ரோமிலும் இருந்த ஓவியர்களின் வாடகை, சண்டை, கடன், விருந்து எல்லாம் உயிரோடு கிடைக்கும் ஆவணம் அது. ஆனால் முதலில் அதை வாசித்தவர்கள் அவரை ஓவியராக அல்ல, அந்தக் காலத்துச் சாட்சியாகவே மதித்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1954இல், குடும்ப வாரிசுகள் வைத்திருந்த சுமார் ஐம்பது படங்கள் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. நேப்பிள்ஸ் சிறுபடங்கள் அப்போதுதான் முதன்முறையாக வெளியாட்கள் கண்ணில் பட்டன. அதன்பின் ஒவ்வோர் அருங்காட்சியகமாக வாங்கத் தொடங்கியது. சுவர் படத்தை நேஷனல் கேலரி 1993இல் வாங்கியது. 2003இல் கார்டிஃபில் தொடங்கிய பெரிய கண்காட்சி அவருடைய இடத்தை உறுதி செய்தது.

அவற்றை அவர் ஏன் காட்சிக்கு வைக்கவில்லை?

வைக்க இடமில்லை. இடம் என்றால் சுவரில் இடம் மட்டுமல்ல, அன்றைய வரிசையில் இடம். கதைகூட இல்லாத நிலக்காட்சியே தாழ்ந்தது என்ற காலத்தில் உள்ளங்கையளவுச் சுவரை எந்தத் தலைப்பில் வைப்பது? வெளியே போய் வரைந்த சிறுபடங்கள் எல்லாம் பெரிய படத்துக்கான பயிற்சி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் அவர் அவற்றை அலட்சியமாக நினைத்தார் என்று முடிவு கட்டாதீர்கள். 1782இல் தாம் வேலை செய்த அறையின் ஒரே ஜன்னலிலிருந்து தெரிந்தவற்றைப் பட்டியலிட்டு, அவை எல்லாவற்றையும் அடிப்பூச்சிட்ட காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தில் முழுமையாக வரைந்து முடித்ததாக எழுதியிருக்கிறார். அரைகுறைக் குறிப்புகள் என்று சொல்லவில்லை. பல படங்களில் இடத்தையும் மாதத்தையும் தம் கையாலேயே குறித்திருக்கிறார். பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

இம்ப்ரஷனிஸ்ட்டுகளுக்கு இவர்தான் முன்னோடி என்று சொல்லலாமா?

வேண்டாம். இம்ப்ரஷனிஸ்ட்டுகள் என்பவர்கள் மோனே முதலான பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்கள். முன்னோடி என்றால் பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். 1954 வரை படங்கள் குடும்பத்து வீட்டில் இருந்தன. மோனே பார்த்திருக்க வழியே இல்லை, ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளும் பார்த்ததற்கு அடையாளம் இல்லை. நோக்கமும் வேறு. இம்ப்ரஷனிஸ்ட்டுகள் மாறிக்கொண்டிருக்கும் ஒளியைத் துரத்தினார்கள். ஜோன்ஸின் சுவரில் ஒளி அசையாமல் நிற்கிறது.

அவரை அவருடைய சமகாலத்தவரோடு வைத்துப் பாருங்கள். அதே 1780களில் பியேர் ஆன்ரி டி வாலென்சியன் என்ற பிரெஞ்சுக்காரர் ரோமில் கூரைகளை இப்படியே காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்துகொண்டிருந்தார். ஜான் ராபர்ட் கசன்ஸ் 1782இல் நேப்பிள்ஸில் நீர்வண்ணம் தீட்டினார். ஒரு தலைமுறையே நேரில் பார்த்து வரைவதில் இறங்கியிருந்தது. ஜோன்ஸ் அதில் மிகத் துணிந்தவர்.

இன்று நம் கண் பழகிவிட்டதால் நாமே இவரைப் பெரிதாக்குகிறோமோ?

கொஞ்சம் உண்மை. புகைப்படம் வந்தபின் காட்சியை எங்கே வெட்டினாலும் நமக்கு அதிர்ச்சி இல்லை. 1954இல் ஏலத்துக்கு வந்தபோது அரூப ஓவியம் உச்சத்தில் இருந்தது. வெற்றுப் பரப்பை ரசிக்கத் தெரிந்த கண்கள் தயாராக இருந்தன. அதே படங்கள் 1854இல் வந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் பார்க்கிறவர் தயாரானதால் மட்டும் நல்ல படம் உண்டாகிவிடாது. சுவரைப் பற்றிய பதிலில் சொன்ன துளைகள், துணி, கறை எல்லாம் 1782லும் அங்கேதான் இருந்தன. நாம் அவற்றைக் கண்டுகொள்ள நேரம் எடுத்துக்கொண்டோம். 'பாணன்' படத்தைத் தாழ்த்தி இவற்றை உயர்த்தவும் தேவையில்லை. இரண்டையும் ஒரே கைதான் வரைந்தது. ஒன்றை ஊர் பார்க்க வரைந்தார், இன்னொன்றைத் தாமே பார்ப்பதற்காக வரைந்தார்.

இவருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

ஜோன்ஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் அவருடைய வட்டத்திலிருந்து இருவர் வந்தார்கள். வில்சனின் இன்னொரு மாணவர் வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தில் ஓவியராகச் சென்றவர். 1780இல் சென்னைக்கு வந்து இறங்கினார். அந்த ஆண்டே ஹைதர் அலியின் படை, சென்னையைச் சூழ்ந்த, அன்று கர்நாடிக் எனப்பட்ட பகுதிக்குள் புகுந்துவிட்டது. உள்நாட்டுக்குப் போக முடியாமல் ஏறக்குறைய ஓராண்டு சென்னையிலேயே அடைபட்டு, பிறகு கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். ஜோன்ஸ் நேப்பிள்ஸ் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், வில்சனின் மற்றொரு மாணவர் நம் கடற்கரையில் இருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மற்றவர் பிரான்செஸ்கோ ரெனால்டி. கல்கத்தா, டாக்கா, லக்னோ என்று சுமார் பத்து ஆண்டுகள் இங்கே உருவப்படங்கள் வரைந்துவிட்டுத் திரும்பியவர். 1797இல் ஜோன்ஸ் குடும்பத்தை வரைந்தவர் அவர்தான். மரியா ராட்டையில் நூற்கும் அந்தப் படம் கார்டிஃபில் இருக்கிறது.

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்?

ஒரே இடம் என்றால் கார்டிஃப். பாணன், நேப்பிள்ஸ் கட்டடங்கள், குடும்பப் படம் மூன்றும் அங்கேதான். லண்டனில் நேஷனல் கேலரி, டேட், ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன், பர்மிங்காம் அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் உண்டு. காகிதப் படங்களை எப்போதும் மாட்டியே வைப்பதில்லை, போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்த்தபின் ஓர் அளவுகோலை எடுத்துக் காகிதத்தில் 11.4க்கு 16 செ.மீ. கட்டம் போட்டுப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிய படம் அளவைப் பற்றிப் பொய் சொல்லும்.

நானும் இப்படி வரைந்து பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

வில்சன் சொன்ன இடத்தில். சாம்பல் அல்லது பழுப்புக் காகிதம், ஒரு கறுப்புச் சாக்பீஸ், ஒரு வெள்ளைச் சாக்பீஸ். ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரைக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வரையுங்கள். காகிதத்தின் நிறமே நடு நிழலாக இருக்கட்டும். வெளிச்சம் உள்ள இடத்தில் வெள்ளை, இருட்டில் கறுப்பு, மற்ற இடத்தைத் தொடாதீர்கள்.

அது கைக்கு வந்தபின், கெட்டியான காகிதத்தில் ஜெஸ்ஸோ என்னும் அடிப்பூச்சை இரண்டு தடவை பூசிக் காயவைத்து, தபால் அட்டை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் வண்ணத்தை மெலிதாகத் தொட்டு, வெளிச்சம் மாறுமுன் ஒரே அமர்வில் முடியுங்கள். படத்தில் வானத்துக்கு எவ்வளவு இடம் என்பதை முதல் கோட்டுக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். முடித்ததும் பின்பக்கத்தில் இடத்தையும் மாதத்தையும் எழுதிவையுங்கள்.